அடையாற்றில் முகத்துவாரம் வரை: துடுப்பில் போய்க் கயிற்றில் திரும்பியது

நம் மாதர் மன்றத்தைச் சேர்ந்த மூன்று பேர் தாங்களும் அடையாற்றில் துடுப்பு வலித்துப் பார்க்க விரும்புவதாகச் சொன்னார்கள். வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் சுற்றிதழில் எழுதும்படி கேட்டார்கள். எழுதுகிறேன். கயிற்றைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். போன ஞாயிறு பூசை முடிந்து நான் சாந்தோம் கோயில் வாசலுக்கு வந்தபோது அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது. அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். உங்களுக்கு வந்து சேர்ந்தது பாதிதான். மீதியை நானே எழுதிவிடுவது நல்லது. பிறர் எழுதினால் அதில் இரக்கம் கலந்துவிடும். எனக்கு அது ஒத்துக்கொள்ளாது.

பயணம் போனது இந்த ஆண்டு, 1972, பொங்கலுக்கு அடுத்த புதன்கிழமை. போனதற்குக் காரணம் என் மருமகள் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பெண். அவள் அப்பா துறைமுகத்தில் படகுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் அவரோடு படகில் ஏறித் துடுப்பு வலித்தே வளர்ந்தவள். எங்கள் அபிராமபுரத்து வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த மூன்று வருடத்தில் தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை. போன நவம்பரில் மழை விட்ட ஒருநாள், அடையாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது ஆற்றில் யாரோ படகு வலித்துப் போவதைப் பார்த்திருக்கிறாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, வாரத்தில் ஒருநாள் காலையில் தானும் போய்வரலாமா என்று கேட்டாள். என் மகன் தட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

வீட்டுப் பெண் தனியாக ஆற்றுக்குப் போவதாவது என்றேன். போவதென்றால் நானும் கூட வருவேன், சும்மா உட்கார்ந்து வருவது எனக்குப் பழக்கமில்லை, நானும் வலிப்பேன் என்றேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. அதைக் கேட்டதும் இந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஸ்டெல்லா, "சரி அத்தை, நான் சொல்லித் தாரேன்" என்றாள்.

கோட்டூர்புரத்துக்கு எதிர்க்கரையில், ஓய்வு பெற்ற ஆண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு படகுச் சங்கம் இருக்கிறது. ஒரு கொட்டகை, மூன்று பழைய படகுகள், ஒரு தண்ணீர்க்குழாய். பெண்கள் யாரும் அங்கே போனதில்லை. செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஒரு மாசம் பழகிப் பாருங்க. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் முகத்துவாரம் வரைக்கும் போய், யார் உதவியும் இல்லாம, காலையில ஒன்பது மணிக்குள்ள திரும்பி வந்துட்டீங்கன்னா புதன்கிழமை காலை அந்தப் படகு உங்களுக்கு. இல்லேன்னா மன்னிக்கணும். ஆத்துல பொம்பளைங்களைத் தேடிக்கிட்டு எங்களால அலைய முடியாதும்மா."

ஆக, ஸ்டெல்லாவுக்கு வாரம் ஒரு காலைப்பொழுது கிடைக்குமா கிடைக்காதா என்பது இந்த ஒரு பயணத்தைப் பொறுத்திருந்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் ஆளுக்கொரு துடுப்பு வலிக்க, மூன்றாமவர் கடைசியில் உட்கார்ந்து சுக்கான் பிடிக்கும் படகு இது. வலிக்கிறவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். வந்த வழி தெரியும், போகிற வழி தெரியாது. சுக்கான் பிடிப்பவர் நமக்கு எதிரே உட்கார்ந்து வழி பார்ப்பார். அவருக்கு நேர் எதிரே இருப்பவர் முதல் துடுப்பு. அவருடைய முதுகுக்குப் பின்னால் இருப்பவர் இரண்டாம் துடுப்பு. முதல் துடுப்பு எந்த வேகத்தில், எந்த நீளத்தில் வலிக்கிறதோ அதையே இரண்டாம் துடுப்பு அச்சுப் பிசகாமல் செய்ய வேண்டும். இதுதான் சட்டம்.

முதல் துடுப்பில் யார் உட்காருவது என்று எங்களுக்குள் பேச்சே எழவில்லை. கோயிலில் எந்த வரிசையில் உட்காருவோமோ, கல்யாணப் பந்தியில் எந்த வரிசையில் உட்காருவோமோ, அதே வரிசையில் படகிலும் உட்கார்ந்தோம். நான் முன்னால், மருமகள் பின்னால். சுக்கானுக்கு என் நாத்தனார் பிலோமினா வந்தாள். என் கணவருக்கு இளையவள். தோள்பட்டை வலியால் அவளால் வலிக்க முடியாது. வாய்க்கு அந்த வலி இல்லை.

ஸ்டெல்லா சொல்லித்தந்தது இது. போக விரும்புகிறவர்கள் கவனமாகப் படிக்கவும். பந்தயப் படகுகளில் இருக்கை சக்கரத்தின்மேல் முன்னும் பின்னும் ஓடுமாம். இந்தப் பழைய படகில் இருக்கை என்பது அறைந்து வைத்த பலகை. அது அசையாது, நாம்தான் அசைய வேண்டும். கால்களைக் குறுக்குக் கட்டையில் நன்றாக ஊன்றிக்கொள்ள வேண்டும். முதுகை வளைக்காமல், இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து, இரண்டு கைகளையும் முழுக்க நீட்ட வேண்டும். துடுப்பின் இலையைத் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். இலை மூழ்கினால் போதும், ஆழம் கூடாது. பிறகு காலால் கட்டையை உதைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். உடம்பின் பாரம்தான் படகை இழுக்கிறது, கை வெறும் கொக்கி. உடம்பு நிமிர்நிலையைச் சற்றே தாண்டியபின்தான் முழங்கையை மடக்க வேண்டும். கடைசியில் கையைத் தாழ்த்தி, இலையை வெளியே எடுத்து, அவசரமில்லாமல் மறுபடி முன்னே சாய வேண்டும். அந்தச் சாய்வுதான் ஓய்வு. "முன்னால போறப்போ மூச்சு வாங்கிக்கிடணும், அங்கன அவசரப்பட்டா படகு நின்னுரும்" என்றாள்.

இதையெல்லாம் எங்கள் கூடத்தில் ஒரு பெஞ்சின்மேல் உட்கார்ந்து, ஒட்டடைக் கம்பைப் பிடித்துச் செய்து காட்டினாள். நான் கேட்டுக்கொண்டேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருப்பேன். செய்யத்தான் இல்லை.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். உட்காருவது எப்படி என்பதற்கு எங்களுக்குத் தனியாக மதிப்பெண் உண்டு. முன்னால் குனியக் கூடாது. பின்னால் சாயக் கூடாது. முழங்கால்கள் சேர்ந்திருக்க வேண்டும். நாற்காலி முதுகைத் தொட்டால் அது சோம்பேறித்தனம். ஆண்கள் நடமாடும் ஆற்றங்கரையில், வெள்ளைச் சேலையில், கால்களை அகட்டி ஊன்றி மல்லாந்து சாய்வது என்னால் முடியாத காரியமாக இருந்தது. ஆகவே இடுப்புக்கு மேல் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, கையால் மட்டும் வெடுக்வெடுக்கென்று இழுத்தேன். அது எனக்கு நேர்த்தியாகவே தோன்றியது.

ஸ்டெல்லா என்னைத் திருத்தவே இல்லை. பிலோமினாவைத் திருத்தினாள். சுக்கானை அடிக்கடி ஆட்டாதீங்க என்று தினமும் சொன்னாள். என்னிடம், "நல்லா இருக்கு அத்தை" என்று மட்டும் சொன்னாள். முதல் வாரம் படகு ஒரு பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் நேராகப் போகத் தொடங்கியது. நான் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று முடிவு செய்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

இனிப் பயணம். அபிராமபுரத்திலிருந்து கொட்டகைக்கு நடந்தால் இருபது நிமிடம். இருட்டில் நடக்க வேண்டாமென்று சைக்கிள் ரிக்ஷா வைத்துக்கொண்டோம். அறுபது காசு. ரிக்ஷாக்காரருக்கு எங்கள் மடியில் இருந்த பிளாஸ்கும் தலையணையும் புதிராக இருந்தன. (தலையணை அவசியம். பலகை இருக்கை பற்றி மேலும் விவரிக்க மாட்டேன்.)

"ஆஸ்பத்திரிக்கா தாயி?" என்றார்.

"ஆத்துக்கு. படகு வலிக்க" என்றாள் பிலோமினா.

"யாரு வலிக்கறது?"

"இதோ, பெரியம்மா."

அவர் கொஞ்ச தூரம் மிதித்தபின், "இந்த மோட்டுல கொஞ்சம் எறங்கித் தள்ளிக் குடுத்தா எனக்கும் சுளுவா இருக்கும்" என்றார். பிலோமினா கொட்டகை வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குத் தண்ணீரில் இறங்கினோம். முகத்துவாரம் அங்கிருந்து சுமார் இரண்டு மைல். கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். வடிந்திருந்தால் முகத்துவாரத்து மணல்மேட்டில் படகு தட்டிவிடும். அன்று ஏழு மணி வரை தண்ணீர் ஏறும், அதன்பின் சிறிது நேரம் தேங்கி நிற்கும், பிறகு வடியத் தொடங்கும் என்று ஸ்டெல்லா விசாரித்து வைத்திருந்தாள். வடியத் தொடங்கினால் மழைத் தண்ணீரும் சேர்ந்துகொண்டு ஆறு கடலுக்கு ஓடும், அதை எதிர்த்து வலிப்பது கடினம். போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்பது அவள் கணக்கு. தேக்கம் கலைவதற்குள் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும்.

கொட்டகையை விட்டதும் இரு கரையிலும் மரங்கள். பனிமூட்டம் தண்ணீரில் படிந்திருந்தது. நாற்றம் என்று சொல்வார்களே, மழைக்குப் பின் அவ்வளவு இல்லை. வடகரையில் கால்வாய் வந்து சேரும் இடத்தில் விறகு ஏற்றிய ஒரு படகு கட்டிக் கிடந்தது. அதில் ஒருவர் பல் விளக்கிக்கொண்டே எங்களைப் பார்த்தார். கொப்பளிக்க மறந்தவர்போல நெடுநேரம் பார்த்தார். நாங்கள் நெடுநேரம் அங்கேயேதான் இருந்தோம். கால்வாய்த் தண்ணீர் தள்ளும் இடத்தில் படகு நகர மறுத்தது. நான் இன்னும் வேகமாக இழுத்தேன். வேகமாக இழுத்தால் வேகமாகப் போகும் என்பது என் எண்ணம். எனக்குப் பின்னால் ஸ்டெல்லாவின் துடுப்பும் அதே வேகத்தில் தண்ணீரைக் கொத்தியது.

"அண்ணி, மோர் கடையற மாதிரி இருக்கு" என்றாள் பிலோமினா.

"நீ வழியைப் பார்" என்றேன்.

பாலத்தைத் தாண்டினால் ஆறு அகலும். தென்கரையில் பெரிய தோப்பு, நடுவில் புதர் மூடிய திட்டுகள். நாரைகளும் கொக்குகளும் நிறைய. பறவை பார்க்க விரும்புகிறவர்கள் சுக்கான் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வலிக்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிலோமினாவின் முகம். அது வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் இருந்தது. அவள் அடிக்கடி என் தோளுக்கு மேலாக ஸ்டெல்லாவைப் பார்த்தாள்.

மணல்மேட்டை அடைந்தபோது ஏழே முக்கால். முக்கால் மணி என்று நினைத்தது ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. பட்டினப்பாக்கத்துப் பக்கத்து மணலில் இரண்டு மீனவர்கள் வலை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாமா இது, போற எடத்த பாக்காம வந்த எடத்தயே பாத்துகினு வர்றீங்க?" என்றார் ஒருவர்.

"எங்க குடும்பத்துல அப்படித்தான்" என்றாள் பிலோமினா. "பார்க்கறதுக்குத்தான் என்னைக் கூட்டியாந்திருக்காங்க."

"உன்ன ஏத்திகினு வந்ததுக்குத்தான் இந்நேரம் ஆச்சா?"

"என்னைவிட என் அண்ணி கோபம் கனம் நைனா."

மற்றவர் வலையை விட்டுவிட்டுச் சிரித்தார். நான் பிளாஸ்கைத் திறந்தேன். முகத்துவாரத்தில் பத்து நிமிடம் காப்பி என்று திட்டம். ஸ்டெல்லா படகை விட்டு இறங்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சருகு கடலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"அத்தை, வடிய ஆரம்பிச்சிருச்சு. போவோமா?"

"காப்பியைக் குடி. பத்து நிமிடம்" என்றேன்.

அவள் குடித்தாள். பத்து நிமிடமும் இருந்தோம். திட்டத்தில் நான் வைத்திருந்த பிடிப்பை இன்று எண்ணிப் பார்த்தால் காது சுடுகிறது.

திரும்பும்போது பாலம் வரை எப்படியோ வந்துவிட்டோம். பாலத்தின் கீழேதான் மாட்டிக்கொண்டோம். தூண்களுக்கு நடுவே ஆறு குறுகி, வடிகிற தண்ணீர் முழுவதும் அங்கே சேர்ந்து ஓடியது. என் இடப்பக்கத் தூணில் வயிற்றுவலி மருந்து விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது. நான் இழுத்தேன். விளம்பரம் அங்கேயே இருந்தது. இன்னும் இழுத்தேன். விளம்பரம் முன்னேறியது, நாங்கள் பின்னேறினோம்.

"அண்ணி, அதை நான் நாலு தடவை படிச்சாச்சு. ரெண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பின்னால" என்றாள் பிலோமினா.

மேலே பாலத்தில் சைக்கிள்கள் நிற்கத் தொடங்கின. வேலைக்குப் போகிற நேரம். கைப்பிடிச் சுவரில் முழங்கைகள் வரிசையாக முளைத்தன.

"டேய், ரிவர்ஸ் கியர் போட்டுகினு கீதுடா."

"பாட்டி, பிரேக்க எடு பாட்டி."

"சும்மா இரு மச்சி, பாவம், வயசானவங்க."

கேலியை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பாவத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அது போதாதென்று ஒரு ரிக்ஷா வந்து நின்றது. அதிலிருந்து எட்டிப் பார்த்தவர் நம் மன்றத்தைச் சேர்ந்தவர். பெயர் வேண்டாம், இதைப் படிப்பார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார். பாலத்தில் இருந்த அத்தனை பேருக்கும் என் பெயர் தெரிந்துபோயிற்று.

அந்த நேரத்தில் மூன்று பேர் கழி ஊன்றி ஒரு மீன்படகை நீரோட்டத்துக்கு எதிராகத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்தார்கள். அவர்களில் ஒருவர் கயிற்றுச் சுருளைத் தூக்கிக் காட்டி, "வீசட்டுமாம்மா?" என்றார்.

எனக்குப் பின்னாலிருந்து ஸ்டெல்லா, "வேண்டாம் அத்தை" என்றாள்.

அந்த ஒரு மாதத்தில் படகில் உட்கார்ந்து அவள் எனக்குச் சொன்ன முதல் மறுப்பு அதுதான். தெளிவாகச் சொன்னாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். கேட்டது. கயிறு வந்தது, துடுப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தேன். மேலே யாரோ கை தட்டினார்கள். கயிறு விறைக்கும்வரை ஸ்டெல்லாவின் துடுப்பு மட்டும் தண்ணீருக்குள் போய்வந்துகொண்டிருந்தது. பிறகு அவளும் எடுத்துவிட்டாள்.

கொட்டகைத் துறைக்கு வந்தபோது எட்டு மணி ஐம்பது. செயலாளர் துறையில் நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார்.

"நேரம் இருக்கு" என்றார். "ஆனா கயிறும் இருக்கே."

ஸ்டெல்லா துடுப்புகளைத் துடைத்துக் கொட்டகையில் வைக்கப் போனாள். நான் குழாயடியில் கால் கழுவினேன். பிலோமினா பக்கத்தில் வந்து நின்றாள். விளையாட்டெல்லாம் அவள் குரலை விட்டுப் போயிருந்தது.

"அண்ணி, அவ பாதி பலத்துலதான் வலிச்சா. தெரியுமா உங்களுக்கு?"

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? சுக்கான் என் கையிலதானே இருக்கு. முதல் வாரம் அவ முழுசா வலிச்சா, படகு உங்க பக்கம் சுத்திச்சு. அப்புறம் அவளும் உங்களை மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்து, கையால வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சா. அதுக்கப்புறம்தான் நேராப் போச்சு. நீங்க கத்துக்கிட்டீங்கன்னு நெனச்சீங்க. அவ மறந்துட்டா, அதான் நடந்தது."

"நீ ஏன் சொல்லவில்லை?"

"உங்ககிட்டயா?" என்றாள்.

நாற்பது வருடமாக அவள் என்னை அறிவாள்.

கொட்டகைக்குள் போய் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவள் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். விரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளங்கையின் மேட்டில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. உடம்பால் இழுப்பவர்களுக்கு விரல் மூட்டில்தான் காய்ப்பு வருமாம், உள்ளங்கையில் வராதாம். எனக்கும் அதே இடத்தில்தான் உரிந்திருந்தது. என்னைப் பார்த்து வலித்த கை அது.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றேன்.

"முன்னால இருக்கவங்களப் பாத்துத்தான் வலிக்கணும்னு நான்தான அத்தை சொன்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

செயலாளரிடம் போய், துறையை ஒட்டிக் கால் மணி நேரம் படகு வேண்டும் என்று கேட்டேன். சங்கத்து ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று தயங்கிக் கொடுத்தார். இந்த முறை ஸ்டெல்லா முன்னால், நான் பின்னால். திருமணமாகி வந்ததிலிருந்து அவள் எனக்கு முன்னால் எங்கும் உட்கார்ந்ததில்லை. பலகையில் ஏறவே தயங்கினாள். பிலோமினாதான், "ஏறு, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் முதுகைப் பார்த்தபோதுதான் பெஞ்சின்மேல் அவள் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்தது. கதவு கீலில் திறந்து மூடுவதுபோல் இடுப்பில் மட்டும் ஓர் அசைவு. முன்னே போவது மெதுவாக, பின்னே வருவது ஒரே வீச்சாக. தலை ஆடவில்லை, தோள் ஏறவில்லை. கன்னியர் மடத்தில் என்னிடம் கேட்ட நேர்முதுகு அவளிடம் இருந்தது. அது அசையவும் செய்தது. நேராக இருப்பதும் விறைத்திருப்பதும் வேறுவேறு என்று அறுபத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். வெட்கத்தை விட்டுக் காலை ஊன்றினேன். சாய்ந்தேன். நாலைந்து முறை பிசகியபின் ஒருமுறை இரண்டு துடுப்பும் ஒன்றாக இறங்கி ஒன்றாக எழுந்தன. படகின் அடியில் தண்ணீர் சளசளவென்று ஓடும் சத்தம் கேட்டது. அதுவரை எங்கள் படகில் அந்தச் சத்தம் கேட்டதே இல்லை.

அது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவளுடைய புதன்கிழமையைக் கைவிட்ட அரைமணி நேரத்துக்குள் மகிழ்ச்சியாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

"எங்கே பிசகுகிறது, சொல்" என்றேன்.

"நல்லா இருக்கு அத்தை" என்றாள், திரும்பாமல்.

மறுநாள் செயலாளர் வீட்டுக்குப் போனேன். நான் யார் வீட்டுக்கும் எதையும் கேட்டுப் போனவள் அல்ல. கயிற்றைப் பிடித்தது நான், என் மருமகள் வேண்டாம் என்றாள், அவள் வலிப்பதை நிறுத்தவில்லை என்று நின்றுகொண்டே சொன்னேன். அவர் காப்பி கொண்டுவரச் சொன்னார். "யார் பிடிச்சாலும் கயிறு கயிறுதாம்மா" என்றார். அவளை மட்டும், வேறு யாராவது நன்றாக வலிக்கிறவரோடு, ஒருமுறை விட்டுப் பார்க்கலாமே என்றேன். வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். கடைசியில், அடுத்த மாதம் கடல் இதே நேரத்துக்கு ஏறும்போது இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொன்னார். இதே இரண்டு பேர், இதே நிபந்தனை. ஸ்டெல்லாவிடம் குறை எதுவும் இல்லை. ஆகவே அது முழுக்க என்னைப் பொறுத்தது.

போக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் முகத்துவாரம் நன்றாகத் திறந்திருக்கும், வெயில் ஏறினால் மணல் மூடிவிடும். கடல் ஏறுவதும் வடிவதும் பற்றிப் பட்டினப்பாக்கத்தில் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் நேரத்துக்கு உங்கள் காப்பி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சேலையை வழக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டி, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகுங்கள். கால்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கவலையைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். உள்ளங்கை உரிந்தால் கையால் இழுக்கிறீர்கள் என்று பொருள். தேங்காய் எண்ணெய் தடவுவதற்கு முன் அதை யோசியுங்கள். மூன்று பேருக்கு ஆன செலவு ரிக்ஷா போகவர ஒரு ரூபாய் இருபது காசு. படகுக்குக் கட்டணம் இல்லை.

ஒன்று முக்கியம். மாமியாரும் மருமகளும் போவதாக இருந்தால், அல்லது அக்காவும் தங்கையும், அல்லது தலைமையாசிரியையும் ஆசிரியையும், வயதில் பெரியவர் முதல் துடுப்பில் உட்காரக் கூடாது. பின்னால் இருப்பவர் உங்களைத் திருத்த மாட்டார். உங்கள் தவறைக் கற்றுக்கொள்வார். படகு நேராகத்தான் போகும், அதனால் உங்களுக்குத் தெரியவும் வராது.

நேற்று மாலைப் பூசை முடிந்து சாந்தோமிலிருந்து நானும் ஸ்டெல்லாவும் நடந்து வந்தோம். முதல் நாளிலிருந்து நான் செய்த தவறுகளை எல்லாம் சொல்லச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்ல அத்தை."

"ஸ்டெல்லா."

மந்தைவெளிக் கடைத்தெருவைத் தாண்டியபின், "மொத நாளு ஏறும்போதே துடுப்ப அகப்பை மாதிரி பிடிச்சீங்க" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மேலே சொல் என்றேன். கீழே பார்த்துக்கொண்டு இன்னொன்று சொன்னாள். பிறகு பார்க்காமலே சொல்லத் தொடங்கினாள். தூத்துக்குடிப் பேச்சு முழுதாக வெளியே வந்தது. "முன்னால சாயச் சொன்னா கழுத்த மட்டும் நீட்டுதீங்க, கோழி மாதிரி. நான் சிரிச்சிரக் கூடாதுன்னு உதட்டக் கடிச்சிக்கிட்டே வலிப்பேன்." நடுத்தெருவில் நின்று அந்தக் கழுத்தைச் செய்து காட்டினாள். பால் வாங்கிக்கொண்டு போன ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மேலே சொல் என்றேன்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது அவள் இரண்டாவது வாரத்துச் சனிக்கிழமையில்தான் இருந்தாள். கூடத்தில் விளக்கு எரிந்தது, என் மகன் வந்துவிட்டிருந்தான். அவள் குரல் உடனே தணிந்தது. கை கதவின் கொண்டிக்குப் போயிற்று.

திறக்க வேண்டாம், தெருவை இன்னொரு சுற்று சுற்றி வரலாம் என்றேன்.